அரிவாள் செல் நோயின் வலி: எந்த முடிவை எப்போது எடுப்பது?

நீலகிரியில் பந்தலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் தன் தங்கைக்காகக் கேட்டிருக்கிறார். தங்கைக்கு வயது 19, எடை 42 கிலோ. சிவப்பணுக்களை அரிவாள்போல் வளைக்கும் பரம்பரை ரத்த நோயான அரிவாள் செல் நோயில் எஸ்எஸ் வகை, அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் அந்த மரபணு வந்திருக்கிறது. கடந்த ஓராண்டில் நான்கு முறை மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு வலி வந்திருக்கிறது. அடிக்கடி வலி ஊசி போட்டால் அதற்கு அடிமையாகிவிடுவாள் என்று மருத்துவமனையில் சொல்கிறார்களே, உண்மையா? ரத்தம் ஏற்றினால் வலி போகுமா? மருத்துவர் ஹைட்ராக்ஸியூரியா எழுதித் தந்தார்; அது புற்றுநோய் மருந்து என்று மருந்துக்கடையில் சொன்னதைக் கேட்டு அம்மா கொடுக்க வேண்டாம் என்கிறார்; என்ன செய்வது? மரபணு சிகிச்சையால் இந்த நோய் குணமாகிறது என்று செய்தியில் வருகிறதே, எங்களுக்குக் கிடைக்குமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

சுருக்கமான விடையை முதலிலேயே தந்துவிடுகிறேன். வலி ஊசி குறித்த அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. ரத்தம் ஏற்றுவது வலிக்கான மருந்து அன்று. ஹைட்ராக்ஸியூரியாவை இனியும் தள்ளிப்போட வேண்டாம். மரபணு சிகிச்சை உண்மைதான், ஆனால் இன்றைய நிலையில் அது உங்கள் கைக்கு எட்டாது. இவற்றை விரித்துச் சொல்வதற்கு முன், பல குடும்பங்களைப் பார்த்த பொது மருத்துவர் என்ற முறையில் எனக்குத் தோன்றுவதைச் சொல்ல வேண்டும். இந்த நோயில் பெரும்பாலானோர் எல்லா முடிவுகளையும் வலி உச்சத்தில் இருக்கும் இரவில், கேஷுவால்டி வாசலில் நின்றுகொண்டு எடுக்கிறார்கள். அந்த இரவில் எடுக்க வேண்டிய முடிவுகள் மிகச் சிலவே. மற்றவை வலி இல்லாத நாளில், வெளிநோயாளி பிரிவில் அமர்ந்து, நோயாளியும் வாய் திறந்து பேசி எடுக்க வேண்டியவை. நான்கு முறை சேர்க்கப்பட்ட பிறகும் உங்கள் கேள்விகள் அனைத்தும் அப்படியே மிஞ்சியிருப்பதைப் பார்த்தால், அந்த இரண்டாவது உரையாடல் இன்னும் நடக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

வலி எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் மற்றவை எளிதில் புரியும். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். இந்த நோயில் அங்கே வேலின் இருக்கிறது. இந்த ஒரு மாற்றத்தால், ஆக்சிஜனை இறக்கிவிட்ட ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகி, சிவப்பணுவை வளைத்து விறைக்கச் செய்கின்றன. விறைத்த அணுக்கள் ரத்தக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ள, வெள்ளையணுக்களும் சேர்ந்துகொள்ள, நுண்ணிய குழாய்கள் அடைபடுகின்றன. அடைப்புக்கு அப்பால் உள்ள திசு ஆக்சிஜன் இன்றித் தவிக்கிறது. இது எலும்பு மஜ்ஜையில் நடக்கும்போது எலும்பின் ஒரு பகுதியே செத்துப்போகிறது. மாரடைப்பில் இதயத் தசைக்கு நேர்வதுதான் இங்கே தொடை எலும்புக்கோ முதுகெலும்புக்கோ நேர்கிறது. இதை ‘ரத்தசோகை உள்ள பெண்ணுக்குக் கைகால் உளைச்சல்’ என்று கேஸ் ஷீட்டில் எழுதுவது எவ்வளவு பொருந்தாதது என்பதை நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் மாரடைப்புக்கு ஈசிஜி இருக்கிறது, ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அரிவாள் செல் வலியை உறுதிசெய்யவோ மறுக்கவோ எந்தப் பரிசோதனையும் இல்லை. வலி உச்சத்தில் இருக்கும்போதும் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், எக்ஸ்ரே எல்லாம் இயல்பாகவே இருக்கக்கூடும். ஹீமோகுளோபின் வழக்கமான எட்டிலோ ஒன்பதிலோ நிற்கும். போதாக்குறைக்கு, சிறு வயதிலிருந்தே வலியோடு வளர்ந்தவர்கள் அதைத் தாங்கத் தங்களுக்கென்று வழிகள் கண்டுபிடித்து வைத்திருப்பார்கள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, அலைபேசியில் ஏதோ காணொளியை ஓடவிட்டு, முகத்தில் சலனமே இல்லாமல் ‘பத்துக்கு ஒன்பது’ என்று சொல்வார்கள். புதிதாகப் பணிக்கு வந்த செவிலியர் அந்த அலைபேசியைப் பார்த்துவிட்டு, இவளுக்கு ஒன்பதாக இருக்க முடியாது என்று தானே முடிவு செய்துவிடுவார். வலியின் அளவைச் சொல்லத்தக்க ஒரே சாட்சி நோயாளிதான் என்பது இரக்கத்தால் சொல்லும் வார்த்தை அன்று. வேறு சாட்சி கிடையாது என்ற மருத்துவ உண்மை.

மருத்துவமனை பார்ப்பது இந்த வலியில் ஒரு சிறு பகுதியை மட்டும்தான். அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 232 நோயாளிகளிடம் நாட்குறிப்பைக் கொடுத்து ஆறு மாதம் வரை எழுதச் சொன்ன ஆய்வு 2008இல் வெளியானது. மொத்தம் எழுதப்பட்ட நாட்களில் பாதிக்கும் மேல், 54.5 சதவீதம், வலி இருந்த நாட்கள். மருத்துவமனைக்கோ மருத்துவரிடமோ போன நாட்கள் 3.5 சதவீதம் மட்டுமே. நான்கு முறை சேர்த்தோம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அந்த நான்குக்கும் இடைப்பட்ட நாட்களில் எத்தனை நாள் வலி இருந்தது என்று தங்கையிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த எண்தான் சிகிச்சையைத் தீர்மானிக்க உதவும்.

இனி அந்த இரவுக்கு வருவோம். வீட்டில் வலி தொடங்கியதும் தண்ணீர் குடிப்பது, உடம்பைக் கதகதப்பாக வைத்துக்கொள்வது, பாராசிட்டமால் எடுப்பது, மருத்துவர் முன்பே எழுதிக்கொடுத்த அடுத்த நிலை மாத்திரைக்குப் போவது என்று படிப்படியாகச் செல்லலாம். வெந்நீர் ஒத்தடம் நல்லது. ஐஸ் வைக்கவே கூடாது, குளிர் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பை அதிகமாக்கும். ஆடி மாதச் சாரலில் நனைந்தபடி கொழுந்து பறித்துவிட்டு வந்த நாள் இரவில் வலி வருவதற்கும் இதுவே காரணம். ஐப்யூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை மருந்துகள் சில நாட்களுக்கு உதவும், ஆனால் இந்த நோய் சிறுநீரகத்தையும் மெல்ல மெல்லத் தாக்குகிறது. ஆகவே சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினினும் சிறுநீரில் புரதமும் பரிசோதிக்காமல் அவற்றைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குவது ஆபத்து. டைக்ளோஃபெனாக் ஊசி ‘சாதாரணமானது’, மார்பின் ‘பயங்கரமானது’ என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. அரிவாள் செல் நோயாளியின் சிறுநீரகத்தைக் கேட்டால் அது வேறு கதை சொல்லும்.

வீட்டு மருந்துக்கு அடங்காத வலியோடு மருத்துவமனைக்கு வந்துவிட்டால் எவ்வளவு நேரத்துக்குள் மருந்து கொடுக்க வேண்டும் என்பதற்குத் தெளிவான வரையறை உண்டு. சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2012இல் 30 நிமிடம் என்றது. அமெரிக்க ரத்தவியல் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் ஒரு மணி நேரத்துக்குள் முதல் மருந்து, அதன்பின் 30 முதல் 60 நிமிடத்துக்கு ஒருமுறை மறுமதிப்பீடு என்கிறது. கடும் வலிக்கான மருந்து மார்பின் போன்ற ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலிமருந்துதான், அதை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும். ‘வலி தாங்கவில்லை என்றால் கூப்பிடு’ என்று சொல்லிவிட்டுப் போவதுதான் பல வார்டுகளில் நடக்கிறது. அதனால் நோயாளி கெஞ்ச வேண்டியிருக்கிறது. கெஞ்சுவதைப் பார்த்து, இவளுக்குப் பழகிவிட்டது என்கிறார்கள். அதே வகையைச் சேர்ந்த பெத்திடின் இந்த நோய்க்குத் தவிர்க்கப்பட வேண்டிய மருந்து. அது உடலில் சிதைந்து உண்டாகும் பொருள் தேங்கினால் வலிப்பு வரலாம்.

அடிமையாகிவிடுவாளா என்ற கேள்வியில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்திருக்கின்றன. ஒரு வாரம் தொடர்ந்து மார்பின் எடுத்த எவருக்கும் அதைத் திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றுப்போக்கு, நிம்மதியின்மை வரலாம். காலப்போக்கில் அதே பலனுக்குக் கொஞ்சம் கூடுதல் அளவும் தேவைப்படலாம். இவை உடலின் இயல்பான எதிர்வினைகள். அளவைப் படிப்படியாகக் குறைத்தால் சிக்கல் இல்லை. வலி இல்லாதபோதும் மருந்தைத் தேடி, வாழ்க்கை கெட்டாலும் விட முடியாமல் தவிப்பதுதான் அடிமைத்தனம். அது அரிவாள் செல் நோயாளிகளிடம் மற்ற நோயாளிகளைவிட அதிகம் என்பதற்குச் சான்று இல்லை. உங்கள் தங்கை ஊசியின் பெயரையும் அளவையும் சரியாகச் சொல்லிக் கேட்பதையே சிலர் சந்தேகத்துக்குரிய அறிகுறியாக எடுத்துக்கொள்வார்கள். சர்க்கரை நோயாளி தன் இன்சுலின் அளவைச் சொன்னால் எவரும் அப்படி நினைப்பதில்லை.

அதற்காக மார்பினில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். அளவு மிஞ்சினால் தூக்கக் கலக்கம் கூடி மூச்சு மந்தமாகும். மூச்சு ஆழமாக இழுக்கப்படாத நுரையீரல் இந்த நோயில் தனி ஆபத்து, அதைப் பிறகு சொல்கிறேன். ஆகவே ஊசிக்குப் பின் விழிப்புநிலை, மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு மூன்றையும் பார்க்க வேண்டும். மலச்சிக்கலுக்கு முதல் நாளிலிருந்தே மருந்து தர வேண்டும். மார்பினால் வரும் அரிப்பை ஒவ்வாமை என்று எழுதிவைத்துவிட்டு அடுத்த முறை மறுப்பது தவறு. சட்டத்தின் பக்கம் ஒரு தடை இருந்தது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தால் மருத்துவமனைகள் மார்பினை வைத்திருக்கவே தயங்கின. 2014 திருத்தம் அந்த நடைமுறையை எளிதாக்கியது. இருந்தும் சிறிய மருத்துவமனைகள் பலவற்றில் இன்றும் இருப்பு இராது. வலி இல்லாத ஒரு நாளில் போய், ‘இங்கே மார்பின் இருக்கிறதா, இரவிலும் கிடைக்குமா’ என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால் நள்ளிரவில் எந்த ஊருக்கு வண்டி பிடிப்பது என்பது அன்றே முடிவாகிவிடும்.

ரத்தம் ஏற்றும் கேள்விக்கு வருகிறேன். வேறு சிக்கல் இல்லாத வலிக்கு ரத்தம் ஏற்றுவதால் வலி சீக்கிரம் தீர்வதில்லை. ஹீமோகுளோபின் எட்டு என்று தாளில் பார்த்ததும் ‘ரத்தம் குறைவு, இரண்டு பாட்டில் ஏற்றிவிடலாம்’ என்பது மற்ற ரத்தசோகையில் பழகிய கைகளின் வேகம். இவர்களுக்கு எட்டு என்பது வழக்கமான அளவாகவே இருக்கலாம். பத்துக்கு மேல் ஏற்றிவிட்டால் ரத்தம் கெட்டிப்பட்டு அடைப்பு இன்னும் கூடும். ஒவ்வொரு பாட்டிலோடும் இரும்பு உடலில் சேர்கிறது. அந்நிய ரத்தத்துக்கு எதிரான பொருள்கள் உருவாகி, உயிர் காக்க உண்மையிலேயே ரத்தம் வேண்டிய நாளில் பொருந்தும் ரத்தம் கிடைக்காமல் போகலாம். பக்கவாதம், நுரையீரல் பாதிப்பு, வழக்கமான அளவிலிருந்து ஹீமோகுளோபின் திடீரென்று சரிவது ஆகியவற்றில் ரத்தம் உயிர் காக்கும். அங்கே தாமதிக்கக் கூடாது. டிரிப்பும் அப்படித்தான். வாயால் குடிக்க முடிந்தவர்களுக்குப் பாட்டில் பாட்டிலாக ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். ஆக்சிஜன் அளவு நன்றாக இருப்பவருக்கு முகமூடி மாட்டுவதால் வலி குறையாது.

அந்த இரவில் குடும்பம் கவனிக்க வேண்டிய அபாய அறிகுறிகள் சில உண்டு. காய்ச்சல் 101 பாரன்ஹீட்டைத் தாண்டினால் வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனை, ஏனென்றால் இவர்களுடைய மண்ணீரல் பெரும்பாலும் செயலிழந்திருக்கும், சில கிருமிகள் ரத்தத்தில் பரவச் சில மணி நேரம் போதும். நெஞ்சுவலி, இருமல், மூச்சுத்திணறல் சேர்ந்தால் அது நுரையீரல் குழாய்கள் அடைபடும் நெஞ்சகத் தாக்கமாக இருக்கலாம். வயதுவந்த நோயாளிகளின் உயிரைப் பறிப்பதில் முதல் வரிசையில் நிற்பது அதுதான், அதுவும் பல நேரங்களில் வலிக்காகச் சேர்ந்த இரண்டாம் மூன்றாம் நாளில் வார்டிலேயே தொடங்கும். இதைத் தடுக்க ஒரு மலிவான கருவி இருக்கிறது. மூன்று பந்துகள் வைத்த பிளாஸ்டிக் ஸ்பைரோமீட்டரை விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கொரு முறை பத்து மூச்சு இழுக்கச் சொல்ல வேண்டும். விலா எலும்பு வலிக்கும்போது பந்தை மேலே தூக்குவது கொடுமைதான். அதனால்தான் வலி மருந்து போதிய அளவு கொடுத்த பிறகு அதைச் செய்யச் சொல்கிறோம். ஒரு பக்கம் கைகால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது, திடீரென்று வெளிறிப்போவது ஆகியவையும் தாமதிக்கக் கூடாதவை. ஆண் நோயாளிகளுக்கு வலியோடு கூடிய விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அதுவும் அவசரமே. வெட்கத்தால் மறைத்து நிரந்தரப் பாதிப்பை வாங்கிக்கொண்ட இளைஞர்கள் உண்டு.

நோயாளியின் பேச்சைக் கேட்காவிட்டால் என்னவாகும் என்பதற்கு ஒரு துயரமான பதிவு இருக்கிறது. 2019இல் லண்டனில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்த 21 வயது அரிவாள் செல் நோயாளி, ஆக்சிஜன் கேட்டுக் கிடைக்காததால், தன் படுக்கையிலிருந்தே 999 என்ற அவசர எண்ணை அழைத்தார். பின்னர் இறந்துபோனார். நோயின் தீவிரம் உரிய நேரத்தில் உணரப்படவில்லை என்பது மரண விசாரணையில் வெளிவந்தது. 2021இல் பிரிட்டன் நாடாளுமன்ற உறுப்பினர்களின் குழு ஒன்று இந்த நோயாளிகள் நடத்தப்படும் விதத்தைப் பற்றி விரிவான அறிக்கையே வெளியிட்டது. வசதி நிறைந்த மருத்துவமனைகளிலும் இதே நிலைதான் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இரவு முடிந்தது. வலி இல்லாத நாளில் எடுக்கும் முடிவுகளில் முதலாவது ஹைட்ராக்ஸியூரியா.

கருவில் இருக்கும் குழந்தையின் ஹீமோகுளோபின் வேறு வகை; பிறந்த சில மாதங்களில் அது குறைந்து பெரியவர்களின் வகை வருகிறது. அரிவாள் செல் குழந்தைகள் பிறந்தவுடன் நன்றாக இருந்து, ஆறு மாதத்துக்குப் பின் கைவிரலும் பாதமும் வீங்கி அழத் தொடங்குவது இதனால்தான். ஹைட்ராக்ஸியூரியா அந்தக் கருக்கால ஹீமோகுளோபினை மீண்டும் உயர்த்துகிறது. அது கலந்திருக்கும் அணுவில் இழைகள் எளிதில் உருவாவதில்லை. ஒட்டிக்கொள்ளும் வெள்ளையணுக்களையும் குறைக்கிறது. 1995இல் வெளியான ஆய்வில், அடிக்கடி வலி வந்துகொண்டிருந்த 299 பேரில் பாதிப்பேருக்கு இந்த மருந்தும் மீதிப்பேருக்கு மருந்தற்ற மாத்திரையும் தரப்பட்டன. மருந்தற்ற மாத்திரை எடுத்தவர்களுக்கு ஆண்டுக்கு 4.5 ஆக இருந்த வலித் தாக்குதல், மருந்து எடுத்தவர்களிடம் 2.5 ஆகவே இருந்தது. நெஞ்சகத் தாக்கமும் ரத்தம் ஏற்றும் தேவையும் ஏறத்தாழப் பாதியாயின. ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு 40 சதவீதம் குறைவாக இருந்தது. ஆண்டுக்கு மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கடும் வலித் தாக்குதல் வந்தால் பெரியவர்களுக்கு இதைத் தொடங்கியே ஆக வேண்டும் என்று அமெரிக்க வழிகாட்டுதல் 2014இலேயே சொல்லிவிட்டது. உங்கள் தங்கைக்கு நான்கு.

மருந்துக்கடையில் சொன்னது பொய் அல்ல. சில ரத்தப் புற்றுநோய் வகைகளுக்கு இந்த மருந்து இன்றும் கொடுக்கப்படுகிறது. ஆனால் அதைக் கொண்டு அம்மா வந்த முடிவு சரியல்ல. அரிவாள் செல் நோயாளிகளிடம் 17 ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில் இந்த மருந்தால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. உண்மையான கவலைகள் வேறு. மஜ்ஜை அடங்கி வெள்ளையணுவும், ரத்தம் உறைய உதவும் தட்டணுவும் குறையலாம் என்பதால் தொடக்கத்தில் மாதம் ஒருமுறையும், அளவு நிலைத்தபின் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையும் ரத்த எண்ணிக்கை பார்க்க வேண்டும். தட்டணு 80,000க்குக் கீழே போனால் மருந்தை நிறுத்தி, தேறியபின் குறைந்த அளவில் தொடங்குவார்கள். நகமும் தோலும் கறுக்கலாம், அதில் கெடுதல் இல்லை. கர்ப்ப காலத்தில் எடுக்கக் கூடாது. எனவே திருமணப் பேச்சு வரும்போது இந்த மருந்தைப் பற்றியும் மருத்துவரிடம் பேச வேண்டும். ஆண்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறையலாம்.

இந்தியாவில் இது பெரும்பாலும் 500 மில்லிகிராம் மாத்திரையாகக் கிடைக்கிறது. 42 கிலோ எடைக்கு நாளுக்கு ஒன்று என்றால் கிலோவுக்கு சுமார் 12 மில்லிகிராம். நம் நாட்டில் பலரும் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராமில்தான் தொடங்குகிறார்கள். நாகபுரியில் குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற குறைந்த அளவே நல்ல பலன் தந்ததாக ஆய்வு வந்திருக்கிறது. குடும்பங்கள் இடறிவிழும் இடம் ஒன்று உண்டு. இந்த மருந்து வேலை செய்ய மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். இரண்டாவது மாதத்தில் ஒரு வலித் தாக்குதல் வந்ததும், ‘பார்த்தாயா, மருந்து பலிக்கவில்லை’ என்று நிறுத்திவிடுவார்கள். பலிக்கிறதா என்று அறிய வலியை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. ரத்த எண்ணிக்கைத் தாளில் எம்சிவி என்ற வரியைப் பாருங்கள். மருந்தை ஒழுங்காக எடுத்தால் சிவப்பணுவின் அளவு பெரிதாகி அந்த எண் மாதாமாதம் ஏறும். தாளில் எண் ஏறுவதைக் கண்ட தாய்மார்கள் மனம் மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

‘இந்திய வகை லேசானது, மாத்திரை எல்லாம் ஆப்பிரிக்காக்காரர்களுக்கு’ என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். இந்தியாவில் இந்த மரபணு முதன்முதலில் கண்டறியப்பட்டது உங்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். 1952இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் அதை வெளியிட்டார்கள். நம் பக்கத்து வகையில் கருக்கால ஹீமோகுளோபின் இயல்பிலேயே சற்றுக் கூடுதலாக இருப்பது உண்மை. அதனால் சராசரியாகச் சில சிக்கல்கள் குறைவு. ஆனால் சராசரிக்கு வலிப்பதில்லை. ஆண்டுக்கு நான்கு முறை மருத்துவமனைக்குப் போகும் பெண்ணின் நோய் எந்தக் கணக்கிலும் லேசானது அன்று.

தாக்குதல்களுக்கு நடுவே தினமும் இருக்கும் வலியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நடக்கும்போது இடுப்பிலோ தொடையின் உட்பக்கத்திலோ வலித்தால், தொடை எலும்பின் தலைப்பகுதி ரத்த ஓட்டமின்றிச் சிதைகிறதா என்று பார்க்க வேண்டும். தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்ஆர்ஐயில்தான் தெரியும். இப்படிப் புலப்படும் காரணம் எதுவும் இல்லாமலும் தினசரி வலி நிலைத்துவிடலாம், ஏனென்றால் ஆண்டுக்கணக்கில் வலிச் செய்தி வந்துகொண்டே இருந்தால் நரம்பு மண்டலமே கூர்மையடைந்துவிடுகிறது. இந்த வலிக்கு மார்பினைக் கூட்டிக்கொண்டே போவது பெரும்பாலும் உதவாது, சிலருக்கு வலியை அதிகமாக்கவும் செய்யும். டுலோக்செட்டின் போன்ற நரம்பு வலி மருந்துகள், இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி), தூக்கத்தைச் சீராக்குவது ஆகியவையே இங்கே பயன்படும். திடீர்த் தாக்குதலில் மார்பினை மறுப்பது தவறு. தினசரி வலிக்கு அதையே நாடுவதும் பெரும்பாலும் தவறு. இரண்டுக்கும் ஒரே விதியைப் போடுவதால்தான் வார்டுகளில் இவ்வளவு சண்டை.

இவற்றையெல்லாம் பேசி முடித்த பின் மருத்துவரிடம் ஒரு பக்கக் கடிதம் கேட்டு வாங்குங்கள். நோயின் வகை, வழக்கமான ஹீமோகுளோபின், ரத்தப் பிரிவு, முன்பு ரத்தம் ஏற்றிய விவரம், சிறுநீரக நிலை, எந்த மருந்து எந்த அளவில் வலியைக் குறைத்தது, எது ஒத்துக்கொள்ளவில்லை, அபாய அறிகுறி வந்தால் யாரை அழைப்பது என்பவை அதில் கையெழுத்தோடும் முத்திரையோடும் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறையிலிட்டு ஒரு பிரதியைத் தங்கையின் பையிலும் படத்தை உங்கள் அலைபேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். பேச முடியாத வலியில் இருக்கும் பெண்ணுக்காக அந்தத் தாள் பேசும். கூடலூரில் ஆதிவாசி மருத்துவமனை இந்த நோயாளிகளைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து பார்த்துவருகிறது. அரசின் தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கமும் 2023 ஜூலையிலிருந்து நடக்கிறது. ஹைட்ராக்ஸியூரியா இலவசமாகக் கிடைக்குமா, நிமோகாக்கஸ் தடுப்பூசி போட முடியுமா என்று இரண்டு இடத்திலும் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரிவாள் செல் நோயையும் சேர்த்திருப்பதால், சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம்.

இந்தப் பேச்சுகளில் முடிவு எடுக்க வேண்டியவர் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கேள்வியில் மருத்துவர் சொன்னது இருக்கிறது, கடைக்காரர் சொன்னது இருக்கிறது, அம்மா சொன்னது இருக்கிறது. தங்கை என்ன சொன்னாள் என்பது இல்லை. 19 வயதில் சட்டப்படியும் அவள்தான் ஒப்புதல் தர வேண்டியவள். அம்மாவின் பயத்தைத் தள்ளிவிடாமல், அவரையும் அழைத்துப்போய் மருத்துவரிடம் நேரடியாகக் கேட்கச் செய்யுங்கள். ஆனால் முதல் கேள்வியைத் தங்கை கேட்கட்டும்.

மரபணு சிகிச்சை கடைசியாக வருவதற்குக் காரணம் உண்டு. 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் காஸ்ஜெவி என்ற சிகிச்சைக்கு அனுமதி அளித்தன. நோயாளியின் ரத்த மூலச்செல்களை வெளியே எடுத்து, கருக்கால ஹீமோகுளோபினைத் தடுக்கும் பூட்டை உடைத்து, மீண்டும் உள்ளே செலுத்துகிறார்கள். அமெரிக்க அனுமதிக்கு ஆதாரமான ஆய்வில் 31 பேரில் 29 பேர் குறைந்தது ஓராண்டு கடும் வலித் தாக்குதல் இன்றி இருந்தார்கள். அப்போது அமெரிக்காவில் அறிவிக்கப்பட்ட விலை 22 லட்சம் டாலர். அதோடு, பழைய மஜ்ஜையை அழிக்க வலுவான கீமோதெரபி தேவை, அதனால் கருவுறும் திறன் பாதிக்கப்படலாம். புதியது எல்லாம் நிலைப்பதும் இல்லை. 2019இல் அமெரிக்காவில் இதே நோய்க்காக அனுமதி பெற்ற வாக்ஸலோட்டார் மாத்திரையை நிறுவனமே 2024 செப்டம்பரில் உலகெங்கும் திரும்பப் பெற்றுக்கொண்டது. செய்தியில் வரும் ஒவ்வொரு மருந்துக்காகவும் காத்திருந்து, கையில் இருக்கும் மாத்திரையை விட்டுவிட வேண்டாம்.

உங்களுக்கு எட்டக்கூடிய குணப்படுத்தும் வழி ஒன்று இருக்கிறது என்றால் அது உடன்பிறந்தவரின் எலும்பு மஜ்ஜை மாற்றம். முழுமையாகப் பொருந்தும் உடன்பிறப்பிடமிருந்து பெற்ற குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நோயின்றி வாழ்கிறார்கள்; வயது கூடக்கூட ஆபத்தும் கூடுகிறது, செலவும் பல லட்சம் ஆகும். வேலூர் சிஎம்சியில் 1986 முதல் மஜ்ஜை மாற்றம் நடந்துவருகிறது. ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்களில் ஒருவர் மஜ்ஜை மற்றவருக்குப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. நீங்கள் ஒற்றை மரபணுவைச் சுமப்பவராக இருந்தாலும் கொடையாளி ஆகலாம்; உங்களுக்கே இந்த நோய் இருந்தால் மட்டும் முடியாது. உங்கள் சொந்த ஹீமோகுளோபின் வகையைப் பரிசோதித்துக்கொண்டீர்களா என்று கேள்வியில் எழுதவில்லை. தங்கைக்கு விருப்பம் இருந்தால், அந்தப் பரிசோதனையையும் மஜ்ஜைப் பொருத்தம் பார்க்கும் எச்எல்ஏ பரிசோதனையையும் எங்கே செய்யலாம் என்று அடுத்த முறை மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரையை அதற்கு முன்பே தொடங்கலாம். பின்னால் மஜ்ஜை மாற்றத்துக்குப் போவதை அது தடுக்காது.